கடல் கொடுக்கும் மாதமும் கொடுக்காத மாதமும்: கடலோரக் குடும்பத்துக்கான வரவு செலவு வழிகாட்டி

ஏப்ரல் 15 விடியும்போது ராமேசுவரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் அவை கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு இந்தத் தடை 45 நாளாக இருந்தது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் தடை வேண்டியதுதான், அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. என் மனக்குறை வேறு. தேதி மாறாமல் ஆண்டுதோறும் வருகிற இந்த 61 நாள், எங்கள் தெருவில் ஒவ்வொரு முறையும் அழைக்காத விருந்தாளியைப் போலவே வருகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் அடகுக்கடை வாசலில் நிற்கும் முகங்களில் பாதி எனக்குத் தெரிந்த முகங்கள்.

நான் பாம்பன் பக்கம் ஒரு மீனவர் தெருவில் பிறந்து, அதே கரையில் வாக்கப்பட்டவள். 11 ஆண்டுகளாக எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறேன். குழுவின் கணக்கைப் பைசா சுத்தமாக எழுதிக்கொண்டே என் வீட்டுக் கணக்கை எழுதாமல் நான்கு ஆண்டுகள் கழித்திருக்கிறேன். பிறகுதான் எழுதத் தொடங்கினேன். நான் கற்றதையும் குழுவில் 20 குடும்பங்களோடு உட்கார்ந்து திருத்தியதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வீட்டுக் கணக்கு பற்றிச் சொல்லப்படும் பெரும்பாலான அறிவுரைகள் மாதச் சம்பளக்காரர்களுக்கானவை. சம்பளத்தில் இத்தனை சதவீதம் சாப்பாட்டுக்கு, இத்தனை சதவீதம் சேமிப்புக்கு என்பார்கள். ஜூலையில் 28,000 ரூபாயும் நவம்பரில் 7,000 ரூபாயும் வருகிற வீட்டில் எந்த மாதத்தின் சதவீதத்தைப் பிடிப்பது? நம் கரைக்கு மாதக் கணக்கு பொருந்தாது. ஆண்டுக் கணக்கு போட்டு, அதை வாரந்தோறும் நடத்த வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

படி 1: நாற்பது நாள் எழுதுங்கள், எதையும் குறைக்காதீர்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் ஒரு நூலைக் கோத்து, அடுப்படியில் காலண்டர் தொங்கும் ஆணியிலேயே மாட்டிவிடுங்கள். பேனாவையும் அந்த நூலிலேயே கட்டுங்கள். பேனாவைத் தேட வேண்டியிருந்தால் மூன்றாம் நாள் எழுத மாட்டீர்கள், இது அனுபவத்தில் சொல்வது.

என் முதல் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது: தண்ணீர் 4 குடம் 40. டீ, வடை 36. தேங்காய் 30. சின்னவனுக்கு நோட்டு, பென்சில் 25. போன் ரீசார்ஜ் 239. மருந்துக்கடை 60. அவருக்கு 200. வட்டி 500. கீழே கூட்டல்: 1,130. அன்று வரவு எதுவும் இல்லை. காற்று அதிகம், கடலுக்குப் போகவில்லை.

இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு விழிப்பு வந்தது. தண்ணீர் ஒரு சின்னச் செலவு என்றே நினைத்திருந்தேன். குடம் பத்து ரூபாய்தானே என்று வாய் சொல்லும். நாளைக்கு நான்கு குடம் என்றால் மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400 ரூபாய். உவர்நிலத்தில் வாழ்கிறோம், தண்ணீர் வாங்காமல் முடியாது. ஆனால் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் வாங்கிய தண்ணீர், மற்றதற்குக் குழாய்த் தண்ணீர் என்று பிரித்தவுடன் நான்கு குடம் இரண்டரைக் குடமாகிவிட்டது. எழுதியிராவிட்டால் அது என் கண்ணிலேயே பட்டிருக்காது.

"அவருக்கு 200" என்ற வரியையும் பாருங்கள். பல வீட்டு நோட்டுகளில் அந்த வரி இருக்கும். டீக்கடையும் பீடியும் அதில் உண்டு, சில வீடுகளில் மதுக்கடையும் உண்டு. முதல் நாற்பது நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். நோட்டு வேவு பார்க்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் அன்றிலிருந்து பொய்க் கணக்குதான் வரும். நாற்பதாம் நாள் தொகையைக் கூட்டி, இருவரும் சேர்ந்து பாருங்கள். கூட்டிய எண்ணைச் சொன்னாலே போதும். எங்கள் குழுவில் ஒரு வீட்டில் அந்த வரியின் கூட்டல் 9,400 என்று வந்தது. அந்த அண்ணன் நோட்டை வாங்கி, தானே இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் அது பாதியானது. எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சண்டை போட்டுப் பார்த்துத் தோற்ற வீடுகளில், எண் சில சமயம் வேலை செய்திருக்கிறது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரமே எல்லாவற்றையும் வெட்டினேன். டீ, வடை, பிள்ளைகளின் தின்பண்டம், சினிமா எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். மூன்றாம் வாரம் வீடே என்மேல் எரிச்சலில் இருந்தது, நானே நோட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மீண்டும் எடுக்க ஏழு மாதம் ஆனது. பிள்ளைக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்க இடம் இல்லாத கணக்கு, வீட்டில் நிலைக்காது.

படி 2: கடலின் காலண்டரை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஜனவரியில் தொடங்க வேண்டாம், தடை நீங்கும் ஜூன் 15இல் தொடங்குங்கள். நமக்கு ஆண்டு பிறப்பது அன்றுதான்.

விசைப்படகில் கூலிக்கோ பங்குக்கோ போகிற வீடு என்றால்: தடை முடிந்தவுடன் முதல் இரண்டு மூன்று மாதம் பாடு, அதாவது வலையில் படும் மீன், நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று, மழை, புயல் எச்சரிக்கைக் கூண்டு என்று நாள்கள் வீணாகும். தை, மாசியில் மறுபடி கொஞ்சம் எழும்பும். சித்திரை பிறந்தால் தடை.

நாட்டுப்படகு, வள்ளம், பைபர் படகு வைத்திருப்பவர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது, ஆனால் அவர்களுக்குக் காற்றுதான் எசமானர். வாடையில் வடகடல் பொங்கும், தென்மேற்குக் காற்றான கச்சானில் தென்கடல் பொங்கும். பாம்பன் போல இரண்டு கரையும் அருகருகே இருக்கும் ஊர்களில் கரை மாற்றித் தொழில் செய்ய முடியும். மற்ற ஊர்களில் படகை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கடலில் மிதவை கட்டிக் கடற்பாசி வளர்க்கும் பெண்களுக்கு ஒரு மிதவை 45 நாளில் அறுவடைக்கு வரும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மிதவை நிற்காது. பனை ஏறும் குடும்பங்களுக்குப் பங்குனி முதல் ஆடி வரைதான் பதநீர், கருப்பட்டி. கடற்கரையிலிருந்து சற்று உள்ளே போனால் முண்டு மிளகாய் மாசி, பங்குனியில் காசாகும்.

கோயிலை நம்பி வாழும் ராமேசுவரம் வீடுகளுக்குத் தை அமாவாசை, சிவராத்திரி, ஆடி அமாவாசை, கோடை விடுமுறை ஆகியவை பாடு நாள்கள். அவர்களுக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குள் ரயிலே வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டியவர்களின் காலண்டரில் எந்த ஆண்டும் எழுதப்படாத ஒரு தடைக்காலம் அது, இரண்டு ஆண்டுக்கு மேல் நீண்டது. ஆகவே நல்ல மாதம், மெலிந்த மாதம் என்று குறித்த பிறகு, எதிர்பாராத மாதம் ஒன்றுக்கும் இடம் விடுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாப் பணத்தில் நடக்கும் வீடுகள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கலாம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து, அடுத்த விசா கிடைக்கும் வரை காத்திருக்கிற மாதங்கள்தான் உங்கள் தடைக்காலம்.

வரவைக் குறித்த பிறகு, அதே கட்டங்களில் பெரிய செலவுகளைச் சிவப்பில் எழுதுங்கள். ஜூனில் பள்ளிச் செலவு. தீபாவளி, கிறிஸ்துமஸ், ரமலான், பொங்கல், எது உங்கள் வீட்டுத் திருநாளோ அது. ஊர்த் திருவிழா வரி. மழைக்கு முன் கூரை வேலை. எங்கள் குழுவில் இந்தத் தாளை முதன்முதலில் வரைந்த அன்று எல்லோருக்கும் ஒரே இடத்தில் கண் நின்றது. பள்ளி திறக்கும் ஜூன் முதல் பாதியில் வரவே இல்லை, செலவோ அந்த மாதத்தில்தான் அதிகம்.

படி 3: தொழில் பணமும் வீட்டுப் பணமும் கலக்கக் கூடாது

சொந்தப் படகு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் படி. ஏலத்தில் 6,000 ரூபாய்க்கு நண்டு போனால் அன்று வீட்டுக்கு 6,000 ரூபாய் வந்ததாக ஒரு மயக்கம் வரும். டீசல், ஐஸ், கடலில் சாப்பாட்டுக்கான சாமான், கூட வந்தவர்களின் பங்கு எல்லாம் போக மிச்சம் இருப்பது எவ்வளவு? அதிலும் பத்தில் ஒரு பங்கை வலைக்கும் இன்ஜினுக்கும் என்று தனியே எடுத்துவையுங்கள். வலை கிழியத்தான் செய்யும், இன்ஜின் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். அந்தப் பணம் இல்லாத நாளில்தான் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறோம். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்து எடுத்தால், நாளைக்கு 10 கிலோ, மாதம் 15 நாள் கடல் என்று வைத்தாலும் மாதம் 3,000 ரூபாய் போகிறது. அதுதான் வட்டி. அதையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 4: வீட்டுக்கு ஒரு சம்பளம் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் இதை மட்டுமே செய்தாலும் போதும் என்பேன். ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். விசைப்படகில் பங்குக்குப் போகும் ஒரு குடும்பம். கடல் வரவு இப்படி:

ஜூன் 14,000
ஜூலை 28,000
ஆகஸ்ட் 22,000
செப்டம்பர் 20,000
அக்டோபர் 14,000
நவம்பர் 7,000
டிசம்பர் 8,000
ஜனவரி 15,000
பிப்ரவரி 18,000
மார்ச் 16,000
ஏப்ரல் 6,000
மே 0

மொத்தம் 1,68,000. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிற வீடு என்றால் ஆண்டுக்கு 12,000 சேரும். ஆக 1,80,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000.

இந்தக் குடும்பம் ஜூலையில் 28,000 ரூபாய்க்கும் செலவழிக்கிறது, நவம்பரில் 7,000 ரூபாயில் தவிக்கிறது. அதற்குப் பதிலாக மாதம் 13,000 ரூபாய் மட்டும் வீட்டுச் சம்பளமாக எடுத்துக்கொள்ளட்டும். வருவதெல்லாம் ஒரு பொதுக் கையிருப்பில் விழட்டும். அங்கிருந்து மாதம் 13,000, அதையும் வாரத்துக்கு ஏறத்தாழ 3,000 என்று பிரித்து, வீட்டுக்கு வரட்டும்.

இப்போது கையிருப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஜூன் கடைசியில் 2,000. ஜூலை முடிவில் 18,000. செப்டம்பர் முடிவில் 36,000. அக்டோபரில் 38,000. நவம்பரில் 5,000, டிசம்பரில் 4,000 குறைந்து 29,000 ஆகிறது. மார்ச் முடிவில் 42,000. ஏப்ரலிலும் மேயிலும் சேர்த்து 18,000 எடுத்த பிறகும் 24,000 மிச்சம். இந்த 24,000 ரூபாய்தான் படி 2இல் சிவப்பில் எழுதிய பெரிய செலவுகளுக்கு உரியது. உங்கள் சிவப்பு எழுத்துகளின் கூட்டல் இதைத் தாண்டினால் ஒன்று சம்பளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சிவப்பில் ஏதாவது ஒன்றை அடிக்க வேண்டும். அந்த முடிவை ஆகஸ்டில் அமைதியாக எடுக்கலாம். மே மாதத்தில் அமைதி இருக்காது.

அதே குடும்பம் கையிருப்பு இல்லாமல் தடைக்காலத்தின் 18,000 ரூபாயை ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 900 வட்டி. ஓர் ஆண்டு இழுத்தால் 10,800. வரவு அதே வரவுதான், ஒரு ரூபாய்கூட கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை.

முதல் ஆண்டு ஜூன் மாதம் கை கடிக்கும், ஏனென்றால் பின்னால் கையிருப்பு இல்லை. அதற்காக மனம் தளர வேண்டாம். முதல் ஆண்டில் பாதி வெற்றி கிடைத்தாலே அடுத்த ஆண்டு எளிதாகிவிடும். நான் தொடங்கிய ஆண்டில் ஏப்ரல் 15 அன்று என் கையிருப்பு 6,300 ரூபாய். அந்த ஆண்டும் கடன் வாங்கினேன், ஆனால் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வாங்கினேன்.

அரசு நிவாரணங்களை என்ன செய்வது? தடைக்கால நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். என் கருத்து, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வருகிற நாள் நம் கையில் இல்லை. வந்தால் கடனுக்கோ கையிருப்புக்கோ போகட்டும். வராத பணத்தை நம்பிக் கடைக்காரரிடம் வாக்குக் கொடுப்பதுதான் தடைக்காலத்தில் நம் பெரிய பிழை. ஆனால் மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் கட்டும் பங்கைச் செலவில் கட்டாயம் எழுதுங்கள். நாம் 1,500 கட்டினால் அரசின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வருகிறது. மீனவப் பெண்களுக்கும் இதே போன்ற திட்டம் தனியாக உண்டு. வேறெந்த உண்டியலும் நம் பணத்தை ஓர் ஆண்டுக்குள் மும்மடங்காக்கித் தராது. தவணை தவறி அதை இழக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது.

படி 5: பணத்தை எங்கே வைப்பது

வீட்டில் இருக்கும் பணம் செலவாகும். கையிருப்பை வங்கியிலோ தபால் நிலையத்திலோ தனிக் கணக்கில் போடுங்கள், முடிந்தால் அட்டை இல்லாத கணக்கில். எடுக்க ஒரு நடை நடக்க வேண்டியிருந்தால் பாதிச் செலவு தானே நின்றுவிடும். அந்த வாரத்துச் சம்பளம் மட்டும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

தபால் நிலையத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து ஆண்டுக் கணக்கு. நம் வீடுகளில் நடக்கும் தவறு, ஜூலை வரவைப் பார்த்து 2,000 என்று தொடங்கி நவம்பரில் கட்ட முடியாமல் அபராதம் கட்டுவது. மெலிந்த மாதத்திலும் கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு நம் தொழிலுக்கு மிகவும் பொருந்தும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும், கை நிறைந்த மாதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். 2024 தொடக்கத்தில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது, அரசு இதைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும். மகள் 18 வயதானதும் மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம்.

சீட்டு பற்றிக் கேட்பீர்கள். பதிவு செய்த சீட்டில் மட்டும் சேருங்கள், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நம்பிக்கையான ஆள் என்பது பதிவு எண் ஆகாது. நகையைச் சேமிப்பாக வாங்குவதில் தவறில்லை, ஆனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்பதைக் கணக்கில் கொண்டு வாங்குங்கள்.

படி 6: கடனை வட்டிப்படி வரிசைப்படுத்துங்கள்

என் அம்மா ஒவ்வொரு தடைக்காலத்திலும் தண்டல், அதாவது தினந்தோறும் தவணை கட்டும் கடன், வாங்குவாள். கதவுக்குப் பின்னால் சுவரில், அடுப்புக் கரியால் நாளைக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பாள். நூறு கோடு நிறைந்ததும் சாணிப் பாலால் மெழுகி அழிப்பாள், சில வாரத்தில் மறுபடி முதல் கோடு விழும். எனக்கு எண்ணப் பழகிக் கொடுத்தவை அந்தக் கோடுகள்தாம். அவை எவ்வளவு விலை என்று கணக்குப் போட எனக்கு முப்பது வயது வரை ஆனது.

10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் கொடுப்பது 9,000. நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் 9,000 ரூபாய் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, இரண்டாம் நாளிலிருந்தே குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 4,500. அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 75 சதவீதத்துக்கு மேல் போகிறது.

இப்படி உங்கள் கடன் ஒவ்வொன்றையும் ஆண்டு வட்டியாக மாற்றி எழுதுங்கள். ஐந்து ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். மூன்று ரூபாய் என்பது 36. வங்கி நகைக்கடன் இவற்றைவிட மிகக் குறைவு. பிறகு வட்டி அதிகமானதை மேலே வைத்து வரிசைப்படுத்துங்கள். கையில் வரும் கூடுதல் பணம் எல்லாம் மேலே இருக்கும் கடனுக்கே போகட்டும், மற்றவற்றுக்குத் தவணை மட்டும். நம் மக்கள் பெரும்பாலும் யார் வாசலில் வந்து சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுகிறார்கள். மானத்துக்குப் பயந்த அந்த வரிசை பல வீடுகளை மூழ்கடித்திருக்கிறது.

குறைந்த வட்டிக் கடனை எடுத்துக் கூடிய வட்டிக் கடனை அடைப்பது நல்ல வழி. கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, நாள் தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். படகுச் செலவு, வலை, ஐஸ் போன்ற தொழில் முதலுக்கான கடன் இது, கல்யாணத்துக்கானது அல்ல. வியாபாரியின் முன்பணத்திலிருந்து வெளியே வர இதைவிட நல்ல கதவு எனக்குத் தெரிந்து இல்லை.

மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று மிரட்டினால், 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளிலோ மனுக் கொடுக்கலாம். கட்டிய ஒவ்வொரு தொகையும் தேதியோடு நோட்டில் இருந்தால் அதுவே உங்கள் சாட்சி.

அடகு வைத்த நகைக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள்: எங்கே, எத்தனை கிராம், எவ்வளவு, மீட்கக் கடைசித் தேதி எது. என் கல்யாண வளையல் இரண்டு, தேதியை மறந்ததால் ஏலத்தில் போனது. அடகுக்கடையிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறேன்.

படி 7: மொய்க்கும் சீருக்கும் ஒரு வரி

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நம் ஊரில் கணக்கைக் கவிழ்ப்பது இதுதான். ஆவணி பிறந்தால் அழைப்பிதழ்கள் வந்து குவியும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை, துக்கம். மொய் என்பது வெறும் செலவு இல்லை, முன்பு நமக்குச் செய்ததைத் திருப்பிச் செய்வது. ஆகவே "மொய் வேண்டாம்" என்று சொல்லும் அறிவுரையை நான் ஏற்க மாட்டேன். ஆளில்லாமல் நாம் நின்ற நாளில் நமக்குத் துணை நின்றவர்கள் அவர்கள்தான்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் வீட்டு விசேஷத்தின் பழைய மொய் நோட்டை எடுங்கள். யார் எவ்வளவு எழுதினார்கள், அதில் யாருக்கு நாம் திருப்பிச் செய்துவிட்டோம், யாருக்குப் பாக்கி என்று குறியுங்கள். வரும் ஆண்டில் யார் வீட்டில் விசேஷம் வரலாம் என்று தெருவில் கேட்டாலே தெரிந்துவிடும். கூட்டிப் பாருங்கள். என் வீட்டில் ஆண்டுக்கு 9,000 வந்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 750 என்று தனி டப்பாவில் போடுகிறேன். டப்பாவில் இருப்பதற்குள் மொய். தாய்மாமன் சீர் போன்ற பெரியதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே தனிப் பக்கம். வட்டிக்கு வாங்கி மொய் எழுதுவதை மட்டும் எங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்து நிறுத்தினோம். ஒருத்தி தனியாக நிறுத்தினால் கஞ்சத்தனம் என்பார்கள். இருபது பேர் நிறுத்தினால் அது ஊர் வழக்கம்.

படி 8: காப்பீடு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வங்கிக் கணக்கு வழியாகக் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டும் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். அதாவது நடுத் தடைக்காலத்தில். கணக்கில் பணம் இல்லை என்று பாலிசி முறிந்த வீடுகள் உண்டு, ஆகவே 500 ரூபாயை மார்ச்சிலேயே அந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு 5 லட்சம் கிடைக்கும், அதற்கு நாம் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரர் பெயர் கூட்டுறவுச் சங்கப் பதிவில் சரியாக இருக்கிறதா, ஆதாரில் உள்ள அதே எழுத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

படி 9: வாரம் ஒருமுறை உட்காருங்கள்

பங்கு பிரிக்கும் நாளின் மாலை எங்கள் வீட்டுக் கணக்கு நாள். இருபது நிமிடம் போதும். வந்தது, போனது, கையிருப்பு, அடுத்த வாரம் சிவப்பில் என்ன இருக்கிறது, இந்த நான்கு கேள்விதான். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், இப்போது கூட்டல் அவள் வேலை. சென்ற ஆண்டு கணவாய் நன்றாகப் பட்ட வாரத்தில் பெரிய டிவி வாங்கலாம் என்று அவர் சொன்னபோது, "அப்பா, நவம்பர்க் கட்டத்தைப் பாருங்கள்" என்று அவள்தான் சொன்னாள். டிவி மார்ச்சில் வந்தது, ரொக்கத்துக்கு.

எழுதாமல் விட்ட வாரம் வரும். கடலில் ஆள் திரும்பாத இரவுகளில் யார் கணக்கு எழுதுவார்கள்? விட்டதை நினைவுகூர்ந்து எழுத முயலாதீர்கள். கையில் இருப்பதை எண்ணி, தேதி போட்டு, அங்கிருந்தே தொடருங்கள்.

ஜூன் 14 மாலை ஆண்கள் ஐஸ் ஏற்றிக்கொண்டும் வலை அடுக்கிக்கொண்டும் துறையில் இருப்பார்கள். அந்த இரவில் பழைய நோட்டை முடித்துவிடுங்கள். கடன் எவ்வளவு இறங்கியது, எந்த நகை வீட்டுக்குத் திரும்பியது, எந்த மாதம் நாம் நினைத்ததற்கு மாறாக நடந்தது என்று கடைசிப் பக்கத்தில் எழுதி, அடுத்த ஆண்டின் வீட்டுச் சம்பளத்தை முடிவு செய்யுங்கள். புது நோட்டில் நூலைக் கோத்து, முதல் வரியில் தேதியும் "கையிருப்பு" என்ற சொல்லும் எழுதி, எதிரே எண்ணைப் போடுங்கள். இந்த ஆண்டு என் நோட்டில் அந்த எண் 11,250.